டிமிதரின் கல்லும் பல்கர்களின் குதிரைக்காரனும்

1. கந்தோரில் நடந்த சண்டை

“அந்தக் குதிரைக்காரனை என்ர அப்பாவின்ர கல்லில வெட்டினால், நானே உளி கொண்டுவந்து கொத்தி எடுப்பன்.”

“வெட்டாட்டில் நான் அந்தக் கல்லடிக்கு வரவே மாட்டன்.”

முதலாவதைச் சொன்னவர் பீட்டர். இரண்டாவதைச் சொன்னவர் அவருடைய பெரியப்பா ஸ்டோயன். இருவருக்கும் நடுவில் எங்கள் கந்தோரில், அதாவது ஆபீஸில், ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இறந்தவரின் மனைவி எலேனா அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அவர்கள் பல்கேரியா நாட்டிலிருந்து வந்த குடும்பம். அவர்கள் பேசியது இங்கிலீஷ்தான். எனக்கு விளங்கியபடி எங்கள் சிலோன் தமிழில் எழுதுகிறேன்.

நான் சிட்னியின் மேற்குப் பக்கத்தில் கல்லறைக் கல் செய்கிற ஒரு யார்டில் வேலை செய்து அண்மையில் ஓய்வு பெற்றவன். பெரிய படிப்பு இல்லை. முருகன் காட்டிய வழியில் இந்த வேலை கிடைத்தது, அதுவே எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் சிலர், மெஷின் வேலையை நாங்கள் பழகிவிடுவோம், சனத்தோடு எப்படிப் பழகுவது என்று கேட்டார்கள். அதற்கு எனக்குத் தெரிந்த பதில் டிமிதர் என்கிற மனிதருடைய கல்தான். அவரை நான் உயிரோடு பார்த்ததில்லை.

தெரியாதவர்களுக்காக வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். பொலிஷ் பண்ணிய கிரானைட் கல்லின்மேல் ரப்பர் ஷீட் ஒன்றை ஒட்டுவோம். அதற்கு ஸ்டென்சில் என்று பெயர். எழுத்துகளும் படமும் அந்த ரப்பரில் மெஷினால் வெட்டப்பட்டிருக்கும். எழுத்து இருக்கிற இடத்து ரப்பரை மட்டும் கத்தி முனையால் உரித்து எடுத்துவிட்டு, கல்லை பிளாஸ்ட் ரூமுக்குள் தள்ளி, காற்றோடு மணலை அடிப்போம். உரித்த இடத்தில் கல் பள்ளமாகும். ரப்பர் உள்ள இடத்துக்கு ஒன்றும் ஆகாது. மணல் அடித்த பிறகு திருத்த முடியாது. பிழை விட்டால் கல்லையே மாற்ற வேண்டும்.

அதனால் எங்கள் யார்டில் ஒரு முறை இருந்தது. வேறு மொழி எழுத்து என்றால், மணல் அடிக்கும் முன் குடும்பத்தார் வந்து கல்லின் முன்னால் நின்று, விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசித்துக் காட்ட வேண்டும். அரபு, சீனம், கிரேக்கம் எதுவானாலும் அப்படித்தான். நாங்கள் வெட்டுகிறவர்கள், வாசிக்கிறவர்கள் அல்ல. வாசித்து முடித்ததும் கல்லறைக்கு உரிமையுள்ளவர் சம்மதம் சொல்ல வேண்டும். டிமிதருடைய கல்லுக்கு உரிமை எலேனா அம்மாவுக்கு.

அவரோ சம்மதம் தர மறுத்துவிட்டார்.

“இவை ரெண்டு பேரும் ஒத்துக்கொள்ளட்டும். அதுக்குப் பிறகு நான் சொல்லுறன்.”

“அப்பிடியெண்டால் கல் எப்ப நாட்டுறது?” என்று நான் கேட்டேன்.

“வருசத் திவசத்துக்கு முந்தி நாட்ட வேணும். அண்டைக்கு எல்லாரும் ஒண்டாய்க் கல்லறைக்கு வருவம். எங்கட வழக்கம்.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். “கல் இல்லாட்டியும் பரவாயில்லை. ஆனால் இவர் ஒரு நேரம் வந்து போக, அவன் வேற நேரம் வந்து போக, நான் நடுவில தனிய நிண்டு கும்பிடுற மாதிரி வரக்கூடாது.”

அந்தப் பேச்சு என் மனதில் தங்கிவிட்டது. எங்கள் வீடுகளிலும் திவசத்துக்கு யார் வருவார், யார் வரமாட்டார் என்பதில்தானே பாதிச் சண்டை.

2. குதிரையும் எழுத்தும்

சண்டையின் வேர் எனக்கு உடனே விளங்கவில்லை. எங்கள் கந்தோரைப் பார்த்துக்கொண்டவர் செல்வராஜ். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், வேதக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார். என்னைவிட வயது குறைவு. கஸ்டமரோடு பேசுவது, வெட்டப்போகிற மாதிரிப் படத்தை, அதாவது புரூஃபை, வரைவது எல்லாம் அவர்தான். அவர்தான் எனக்கு விளக்கினார்.

“அண்ணே, பல்கேரியாங்கிற பேரே பல்கர்னு ஒரு பழைய கூட்டத்தோட பேராம். குதிரைக்காரங்க. ரொம்ப காலத்துக்கு முன்னாடி கிழக்கேருந்து வந்து அங்க ராஜ்யம் அமைச்சவங்க. அவங்க யாரு, எந்த இனம்னுதான் சண்டை.”

“அது முடிஞ்சு போன கதையெல்லோ?”

“முடிஞ்சா ஏன்ணே நம்ம ஆபீஸ்ல வந்து கத்துறாங்க?”

ஸ்டோயன் அடுத்த முறை வந்தபோது தன் போனில் ஒரு படம் காட்டினார். செங்குத்தான மலைப் பாறை. அதில் உயரத்தில் ஒரு குதிரைக்காரன். குதிரையின் காலடியில் ஒரு சிங்கம், பின்னால் ஒரு நாய். மழையும் வெயிலும் தின்று உருவம் பாதி மங்கிவிட்டது. அந்த உயரத்தில் சாரம் கட்டி நின்று கொத்தியவனைத்தான் நான் முதலில் நினைத்தேன். எங்களுக்கு மணலும் மெஷினும் இருக்கிறது. அவனிடம் என்ன இருந்திருக்கும்?

“இது எங்கட ராசாமாரின்ர வேலை,” என்றார் ஸ்டோயன். அவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்துப் பிழைத்தவர், நார்த்மீட்டில் இருந்தார். லைப்ரரியில் கிடைக்கிற சித்திரப் புத்தகம் எல்லாவற்றையும் பார்த்தவர். “பாரசீகத்து ராசாமாரும் இப்பிடித்தான் மலையில குதிரையோட தங்களை வெட்டி வச்சவை. குதிரையின்ர நடையைப் பாரும், ஆள் இருக்கிற விதத்தைப் பாரும். நாங்கள் அந்தப் பக்கத்து ஆக்கள். பாரசீகத்துக்குக் கிழக்கால, பாமீர் மலையடியில இருந்து வந்தனாங்கள். துருக்கியர் இல்லை.”

பீட்டர் அதைக் கேட்டுச் சிரித்தார். கோபச் சிரிப்பு. “பெரியப்பா, அந்தக் குதிரையைச் சுத்தி எழுதியிருக்கிறது என்ன எழுத்து? கிரேக்க எழுத்து. உங்கட ராசாமார் கல்லில எழுதினதெல்லாம் பெரும்பாலும் கிரேக்கம். அப்ப நாங்கள் கிரேக்கரோ?”

“எழுத்தைக் கடன் வாங்கலாமடா. குதிரையைக் கடன் வாங்க ஏலாது.”

“குதிரையைத்தான் முதல்ல கடன் வாங்குவாங்கள்!”

செல்வராஜ் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பீட்டருடைய பக்கம் இது. அவர் சர்ச்சில் பாடுகிறவர். அப்பா ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர், ஆகவே மேலே சிலுவை, கீழே பல்கேரியர் எழுதுகிற சிரிலிக் எழுத்தில் பெயர், அவ்வளவு போதும். “எங்கட பாட்டன் பூட்டன் கல்லறையெல்லாம் இந்த எழுத்திலதான் கிடக்கு. நாங்கள் ஆர் எண்டு கேட்டால் அதுதான் பதில். அதுக்கு முந்தி எவன் எந்தக் குதிரையில வந்தான் எண்டு எனக்குத் தேவையில்லை.”

இறந்துபோன டிமிதர் என்ன நினைத்தார் என்று நான் கேட்டேன். பஸ் கராஜில் மெக்கானிக்காக இருந்தவர் அவர்.

“அப்பா மற்றக் கட்சி,” என்றார் பீட்டர். “பல்கர்கள் புல்வெளித் துருக்கிய இனம் எண்டு சொல்லுவார். பழைய கல்லுகளில ஒரு அடையாளம் இருக்கு. ரெண்டு நேர் கோடு, நடுவில கவண்தடி மாதிரி, இங்கிலீஷ் Y மாதிரி ஒண்டு. அது அவையின்ர வானத்துக் கடவுளின்ர அடையாளம் எண்டு அப்பா சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிஞ்சு சாப்பிட இருந்தால் பெரியப்பாவும் அவரும் இதைத்தான் கதைப்பினம். நாங்கள் எழும்பிப் போயிடுவம்.”

அப்படியானால் அவர் கல்லில் ஸ்டோயன் ஏன் தன்னுடைய குதிரைக்காரனைப் போடச் சொல்கிறார்? நான் கேட்கவில்லை. ஸ்டோயனே சொன்னார்.

“கடைசியில தம்பி ஒத்துக்கொண்டவன். ஆஸ்பத்திரியில என்ர கையைப் பிடிச்சு, ‘ஸ்டோயன், நீ சொன்னதுதான் சரி’ எண்டு சொன்னவன். நான் பொய் சொல்லேல்லை. அதாலதான் கேக்கிறன்.”

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வென்றவனுடைய சந்தோஷம் இல்லை. அது எனக்கு விசித்திரமாக இருந்தது.

3. சோக்குக் கட்டியால் போட்டது

செல்வராஜ் எப்படியோ பேசி ஒரு வழி கண்டார். சிலுவையும் பெயரும் முதலில். அவற்றுக்குக் கீழே இடம் விடுவது. குதிரையைப் பற்றிப் பிறகு பேசலாம். எலேனா அம்மா தலையசைத்தார். ஸ்டென்சில் ஒட்டினேன். வாசித்துக் காட்டுகிற நாளுக்கு மூவரும் வந்தார்கள்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கல்லானாலும் ரப்பரின் மேல் விளிம்பில் சோக்கால் ஒரு பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் கத்தியைத் தொடுவேன். என் அப்பா கடைக் கணக்கிலிருந்து கல்யாணச் சாமான் சிட்டை வரைக்கும் போடுவார். நான் கல்லுக்குப் போட்டேன். கல்லில் அது பதியாது. ரப்பரை உரித்து எறியும்போது அதுவும் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். முஸ்லிம் கல், யூதர் கல், கத்தோலிக்கர் கல், எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறேன். யாரும் கேட்டதில்லை. வேலைக்காரருடைய அளவுக் குறி என்று நினைத்திருப்பார்கள்.

பீட்டர் விரலை வைத்து அப்பாவின் பெயரை வாசிக்கத் தொடங்கினார். ஸ்டோயன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். அவர் பார்த்தது பெயரை அல்ல.

“இதை எங்க கண்டனீர்?”

“எதை?”

“மேல இருக்கிற இதை!” அவர் சுழிக்கு நேரே விரலை நீட்டினார். “இந்த வளைவு, இந்தக் கோடு. இது எங்கட பழைய தலைநகரத்து மதில் கல்லில இருக்கு. ஆர் உமக்குக் குடுத்தது?”

பீட்டர் நிமிர்ந்தார். முகம் சிவந்துவிட்டது. “பெரியப்பா! களவாய்ச் சொல்லி வெட்டுவிக்கப் பாத்தனீங்களோ? சிலுவைக்கு மேலயோ?”

“சத்தியமாய் நான் சொல்லேல்லை.”

“அப்ப இவருக்கு ஆர் சொன்னது? இவர் பல்கேரியரோ?”

நான் இடையில் புகுந்து, இது எங்கள் கடவுளின் அடையாளம், வேலை தொடங்கும்போது போடுவது, கல்லில் வெட்ட மாட்டோம் என்று சொன்னேன். கையால் துடைத்தும் காட்டினேன். அது விஷயத்தை இன்னும் கெடுத்தது. ஸ்டோயன் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“துடைக்காதையும்! நீர் இந்தியாப் பக்கம்தானே?”

“நான் சிலோன், ஐயா.”

“ஒண்டுதான். பாமீருக்குத் தெற்கால இந்தியா. அப்ப எங்கட ஆக்கள் உங்கட பக்கத்தால வந்திருக்கினம்! நான் சொல்லேல்லையோ? இது எவ்வளவு பழசு? என்ன கருத்து?”

செல்வராஜ் என் காதடியில் முணுமுணுத்தார். “அண்ணே, பிள்ளையாரை பல்கேரியாவுக்கு பிளைட் ஏத்தி விட்டுட்டீங்களே.”

ஸ்டோயன் போனைத் திறந்து மதில் கல்லின் படத்தைக் காட்டினார். பல குறிகள் இருந்தன. ஒன்றில் ஒரு வளைவும் ஒரு கோடும் இருந்தது உண்மைதான். ஆனால் கோடு மேலே நின்றது, வளைவு மற்றப் பக்கம் திரும்பியிருந்தது. பீட்டரும் எட்டிப் பார்த்தார்.

“இதெல்லாம் மதில் கட்டின வேலைக்காரர் போட்ட குறி எண்டு கன பேர் சொல்லுகினம்,” என்றார். “எவன் எந்தக் கல்லைக் கொத்தினான் எண்டு தெரியிறதுக்கு.”

“கன பேர் சொல்லுவினம்! இந்த மனுசனும் வேலைக்காரன்தான், கடவுளுக்கெல்லோ போட்டிருக்கிறார்!”

ஸ்டோயன் என் பக்கம் திரும்பினார். “இதையும் கல்லில வெட்டும். குதிரைக்குப் பக்கத்தில.”

பீட்டர் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எலேனா அம்மா அவர் பின்னால் போகவும் இல்லை, ஸ்டோயன் பக்கம் திரும்பவும் இல்லை. சுவரில் சாய்த்து வைத்த கல்லில் தன் கணவரின் பெயரைப் பார்த்துக்கொண்டே நின்றார். வாசிப்பு பாதியில் நின்றுவிட்டது. பாதி வாசித்த பெயருக்கு நான் மணல் அடிக்க முடியாது.

4. குவேக்கர்ஸ் ஹில்லில் எங்கள் வீடு

அன்று பின்னேரம் குசினியில் இருந்து மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டாள்.

“அப்ப பல்கர்காரர் எங்கட ஆக்களாமோ?”

“அந்த மனுசன் அப்பிடித்தான் சொல்லுது.”

“கோயில்ல மட்டும் வாய் திறந்திடாதையுங்கோ. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள ஒராள் எழும்பி, பல்கர் எண்டால் பச்சைத் தமிழர் எண்டு பேசுவார். பிறகு அதுக்கொரு விழாவும் வைப்பினம்.”

சிரித்தேன். ஆனால் உள்ளே ஒரு ஆசை இருந்ததை மறைக்க மாட்டேன். நம்முடைய சுழி அவ்வளவு தூரத்தில் ஒரு பழைய மதிலில் இருக்கிறது என்றால் யாருக்குத்தான் நெஞ்சு நிமிராது? அடுத்த நாள் ஸ்டோயன் கந்தோருக்குப் போன் எடுத்து, தங்கள் சங்கத்து ஹோலில் தான் பேசப் போவதாகவும், நான் வந்து அந்த அடையாளம் ஆயிரக்கணக்கான வருசப் பழசு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றும் கேட்டார். வயது போன மனிதர், தம்பியை இழந்தவர். ஒரு வார்த்தைதானே என்று மனம் சொன்னது.

சுவாமி அறையில் விளக்கேற்றிவிட்டு யோசித்தேன். சுழி எவ்வளவு பழசு என்று எனக்குத் தெரியாது. அதற்குக் கருத்து என்ன என்று ஒருவர் ஒன்று சொல்வார், இன்னொருவர் வேறொன்று சொல்வார். பிள்ளையாரை நினைத்துத் தொடங்குகிறோம் என்பது மட்டும் எனக்கு நிச்சயம். கடவுளின் பெயரால் தெரியாத ஒன்றைச் சாட்சி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய பெயரில் நான் பொய் சொன்னால், பிறகு எந்தக் கல்லுக்கு அவரைக் கூப்பிடுவது?

5. எலேனா அம்மா சொன்னது

ஸ்டோயன் பதில் கேட்டு நேரிலேயே வந்தார். தனியாக. தேநீர் இடைவேளை. யார்டில் டிமிதருடைய கல்லுக்கு முன்னால் ஒரு மரப் பெட்டியில் அவரை இருத்தினேன். செல்வராஜ் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்.

“ஐயா, நான் வர ஏலாது. எனக்குத் தெரியாது. என்ர அப்பா போட்டவர், நான் போடுறன். அவ்வளவுதான்.”

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“தம்பி இருந்திருந்தால் நீர் சொன்னதைக் கேட்டுச் சிரிச்சிருப்பான்,” என்றார் பிறகு. “‘பார், ஒரு நேர்மையான மனுசன் உன்ர கதையைக் கவிட்டுப்போட்டான்’ எண்டு சொல்லியிருப்பான். நான் ஏதும் புதுசாய்க் கண்டுபிடிச்சால் உடனே அவனுக்குத்தான் போன் எடுப்பன். அண்டைக்கு உம்மட அடையாளத்தைக் கண்டவுடன என்ர கை போனுக்குப் போனது. அவனுக்கு எடுக்க.”

செல்வராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

“அப்ப அவர் கடைசியில ஒத்துக்கொண்டது உங்களுக்குச் சந்தோசம்தானே, ஐயா?” என்று கேட்டேன்.

“இல்லை!” என்றார். சத்தமாகவே சொன்னார். “எனக்கு அது பிடிக்கேல்லை. ஏன் ஒத்துக்கொண்டவன்? அவன் ஒரு நாளும் ஒத்துக்கொள்ளிற ஆளில்லை. நோய் அவன்ர புத்தியையும் தின்னுட்டுது எண்டு நினைச்சன். அதாலதான் குதிரையைக் கல்லில வெட்டச் சொன்னன். வெட்டினால், அவன் யோசிச்சுத்தான் சொன்னவன் எண்டு ஆகும். வெட்டாட்டில், அது சும்மா ஒரு நோயாளியின்ர பிதற்றல்.”

எங்கள் பின்னால் யாரோ நின்றார்கள். எலேனா அம்மா. கல்லின் கதை என்ன ஆயிற்று என்று கேட்க பஸ் பிடித்து வந்திருந்தார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது.

“ஸ்டோயன்,” என்றார். “அவர் ஒத்துக்கொள்ளேல்லை.”

“என்ர காதால கேட்டனான், எலேனா.”

“நீங்கள் அந்தக் கட்டிலடியை விட்டு ரெண்டு நாளாய் எழும்பேல்லை. சாப்பிடேல்லை, நித்திரை கொள்ளேல்லை. நேர்ஸ் பிள்ளை சொல்லியும் போகேல்லை. நீங்கள் வீட்டை போன பிறகு அவர் எனக்குச் சொன்னவர்: ‘அவன் சொன்னதுதான் சரி எண்டு சொன்னன், அப்பதான் விசரன் போய்ப் படுப்பான்.’” எலேனா அம்மா ஒரு அடி கிட்ட வந்தார். “பிறகு சொன்னவர்: ‘நான் சுகமாகி வந்து அவனுக்கு இருக்கு. குதிரையாம்! பாரசீகமாம்!’”

ஸ்டோயன் அவரையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். பெட்டியில் இருந்து வழுக்கி விழப்போனார், நான் தோளைப் பிடித்தேன். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்தது, அந்தப் பெரிய உடம்பு என் கைக்குள் குலுங்கியதுதான்.

“புத்தி தெளிவாய்த்தான் இருந்திருக்கு,” என்றார் திரும்பத் திரும்ப. “கடைசி மட்டும் பிழையாய்த்தான் சொல்லியிருக்கிறான். என்ர தம்பி!”

“ஏன் எனக்கு முந்திச் சொல்லேல்லை?” என்று பிறகு கேட்டார்.

“நீங்கள் அந்தச் சொல்லைப் பிடிச்சுக்கொண்டு ஆறுதலாய் இருக்கிறியள் எண்டு நினைச்சன். பறிக்க மனம் வரேல்லை.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டோயன் எழுந்தார். “குதிரை வேண்டாம்,” என்றார் என்னிடம். “அது என்ர கட்சி. அவன்ர அடையாளத்தை வெட்டும். அந்தக் கவண்தடி. அது பிழை. ஆனால் அது அவன்ர பிழை.”

அதுவும் சிலுவைக் கல்லில் பீட்டருக்குப் பிடிக்காத அடையாளம்தானே? அவரைப் போனில் கூப்பிட்டோம். பெரியப்பாவும் தாயும் ஒரே பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். தாய் தங்கள் மொழியில் மெதுவாகச் சொன்னார். பீட்டர் கேட்டு முடித்து, கல்லுக்கு முன்னால் வந்து நின்றார். பிறகு என்னைக் கேட்டார்.

“நீங்கள் எல்லாக் கல்லுக்கும் உங்கட கடவுளைப் போடுறனீங்களோ? சிலுவை இருக்கிற கல்லுக்கும்?”

“ஓம். மரியாதைக்குத்தான். உங்கட சிலுவைக்கு ஒரு குறையும் நினைக்கேல்லை.”

செல்வராஜ் சொன்னார்: “நானும் சிலுவைக்காரன்தான் சார். இவர் அந்தச் சுழியைப் போடாம தொடங்கினா எனக்கே பயமா இருக்கும். தப்பு வந்துடுமோன்னு.”

பீட்டர் முதல் முறையாகக் கொஞ்சம் சிரித்தார். “முன்பக்கம் சிலுவையும் எழுத்தும். அப்பாவின்ர அடையாளம் பின்பக்கம். சின்னனாய். சர்ச் ஃபாதரோட நான் கதைக்கிறன்.” பிறகு பெரியப்பாவைப் பார்த்து, “குதிரை ஒரு இடமும் இல்லை. விளங்கிச்சோ?”

“நான் செத்தால் என்ர கல்லில வெட்டு,” என்றார் ஸ்டோயன்.

பீட்டர் விரலை வைத்து விட்ட இடத்திலிருந்து பெயரை வாசித்தார். இந்த முறை ஸ்டோயனும் கூடச் சேர்ந்து வாசித்தார். எலேனா அம்மா சம்மதம் சொன்னார். மணல் அடித்தேன். சிரிலிக் எழுத்து ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெயரின் வடிவம் இன்றைக்கும் கைக்குள் இருக்கிறது.

6. கல் நாட்டிய நாள்

வருசத் திவசத்துக்கு முந்தின வாரம் கல்லை நாட்டினோம். ஃபவுண்டேஷன் ஏற்கெனவே போட்டிருந்தது. இரும்புக் கம்பி இறக்கி, மட்டம் பார்த்து, சீமெந்து பூசினேன். வழக்கமாக அந்த வேலைக்குக் குடும்பத்தார் வருவதில்லை. ஸ்டோயன் வந்தார். பீட்டர்தான் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். எலேனா அம்மா அவித்த கோதுமையில் சீனி தூவி ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தார். அது இறந்தவர்களுக்கான சாப்பாடு, எல்லோரும் ஒரு கரண்டி சாப்பிட வேண்டும் என்றார். நானும் சாப்பிட்டேன்.

ஸ்டோயன் கல்லின் முன்பக்கம் நின்று சிலுவைக் குறி போட்டுக் கும்பிட்டார். பிறகு பின்பக்கம் போனார். நான் மட்டப் பலகையோடு அங்கேதான் முழங்காலில் இருந்தேன். தம்பியின் அடையாளத்தை விரலால் தடவிப் பார்த்தார். தங்கள் மொழியில் எதையோ மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். செபம் என்று நினைத்து வேலையை நிறுத்தி, தொப்பியைக் கழற்றினேன்.

ஆனால் குரல் உயர்ந்துகொண்டே போனது. கையை ஆட்டினார். காற்றில் ஒரு குதிரையை வரைந்து காட்டினார். இடையில் நிறுத்தி, பதில் கேட்கிறவர் போலத் தலையைச் சாய்த்தார். பிறகு இன்னும் வேகமாகத் தொடங்கினார்.

பீட்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கண் நிறைந்திருந்தது.

“என்ன சொல்லுறார்?” என்று கேட்டேன்.

“புதுசாய் ஒரு படம் கண்டவராம். பாரசீகத்து வெள்ளிக் கிண்ணம். அதிலயும் இதே குதிரை நடைதானாம். ‘இதுக்கு என்ன சொல்லுறாய்’ எண்டு அப்பாவைக் கேக்கிறார்.”

பல்கர்கள் யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. புல்வெளியிலிருந்து வந்தார்களா, மலையடியிலிருந்து வந்தார்களா, படித்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கோயில் ஹோலில் நம்மவர்கள் நாம் எங்கிருந்து வந்தோம் என்று மேசையில் தட்டி வாதாடும்போது முன்பெல்லாம் எழுந்து போய்விடுவேன். இப்போது இருந்து கேட்கிறேன். யார் யாரோடு வாதாடுகிறார் என்று பார்க்கிறேன்.

வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். குடும்பம் கல்லுக்கு முன்னால் சண்டை பிடித்தால் அவசரப்படுத்தாதீர்கள். காற்றடிக்கிற கம்பிரஸரை நிறுத்துங்கள், இருக்க ஒரு பெட்டி கொடுங்கள், தேத்தண்ணி கொடுங்கள். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதீர்கள், அது கடவுளுக்காக என்றாலும். குதிரைக்கும் எழுத்துக்கும் அவர்கள் சண்டை பிடிப்பதாகத்தான் தெரியும். கொஞ்சம் பொறுத்திருந்தால், இறந்தவரோடு இன்னும் ஒரு வார்த்தை பேச இடம் தேடுகிறார்கள் என்பது தெரியவரும்.

அன்றைக்குச் சீமெந்து காய்ந்துகொண்டிருந்தது. நான் சாமான்களை லொறியில் ஏற்றி முடித்தும் ஸ்டோயன் பேசி முடிக்கவில்லை. எலேனா அம்மா புல்லில் ஒரு துணியை விரித்து இருந்துகொண்டார். பீட்டர் தன் ஜாக்கெட்டைக் கழற்றி, காற்று அடிக்கிற பக்கம் பெரியப்பாவின் தோளில் போட்டுவிட்டு, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.